பிரபலம் மீது பாலியல் புகார்: "இத்தனை வருஷம் கழிச்சு ஏன்?" என்று கேட்பதற்கு முன்

கார்முகில்:
ஒரு நடிகர் மீதோ பாடகர் மீதோ இயக்குநர் மீதோ பாலியல் புகார் எழுந்தால் முதல் இரண்டு நாள் இணையத்தில் நடப்பது எப்போதும் ஒன்றுதான். "இத்தனை வருஷம் எங்கே போயிருந்தாங்க?", "போலீஸுக்குப் போகாம ட்விட்டருக்கு ஏன் வந்தாங்க?", "ஆதாரம் எங்கே?" புகார் சொன்னவர் பெயரைச் சொல்லவில்லை என்றால் இன்னும் மோசம். அந்தப் படத்தில் வேலை செய்த பெண்களின் பெயர்களை வரிசையாக எழுதி, ஒவ்வொருவராகக் கழித்து, "இவங்கதான்" என்று முடிவு கட்டுகிறார்கள்.

இந்த இழையில் குறிப்பிட்ட எந்தப் புகாரையும் அலச வேண்டாம். சட்டமும் விசாரணை நடைமுறையும் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். தாமதத்துக்குச் சட்டம் என்ன சொல்கிறது, எதைப் பகிர்ந்தால் குற்றம், நீதிமன்றச் செய்தியை எப்படிப் படிக்க வேண்டும் என்பதை எழுதுங்கள். அடுத்த முறை யாராவது கேட்டால் சுட்டி கொடுக்க ஓர் இடம் வேண்டும்.

வழக்குக்கட்டு:
தாமதத்தில் இருந்து தொடங்குகிறேன். அதிகம் கேட்கப்படுவதும், சட்டம் தெரியாமலே கேட்கப்படுவதும் அந்தக் கேள்விதான்.

குற்ற வழக்குகளுக்குக் காலவரம்பு உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 468ஆம் பிரிவு, இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 514. ஓராண்டு வரை தண்டனை உள்ள குற்றத்துக்கு ஓராண்டு. ஓராண்டுக்கு மேல் மூன்றாண்டு வரை தண்டனை உள்ளதற்கு மூன்றாண்டு. அதற்கும் மேல் தண்டனை உள்ள குற்றங்களுக்கு வரம்பு இல்லை, ஆகவே வல்லுறவுக்கு வரம்பு இல்லை. புகார் கொடுத்த தேதியை வைத்துத்தான் கணக்கு என்று உச்ச நீதிமன்றம் 2013இல் தெளிவாக்கிவிட்டது.

இப்போது 2009இல் ஒரு படப்பிடிப்பில் ஒருவர் ஒரு பெண்ணைத் தகாத முறையில் தொட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று இருந்தது இந்திய தண்டனைச் சட்டத்தின் 354ஆம் பிரிவு, அதிகபட்சம் இரண்டாண்டு. காலவரம்பு 2012லேயே முடிந்துவிட்டது. "சரி, பாலியல் தொந்தரவுன்னு போடலாமே?" என்றால், அதற்கான 354ஏ பிரிவே 2013 திருத்தத்தில்தான் வந்தது. சட்டம் வருவதற்கு முன் நடந்த செயலுக்கு அந்தச் சட்டத்தில் தண்டனை கொடுக்க முடியாது. அந்தத் திருத்தத்தில்தான் 354இன் தண்டனையும் ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை என்று உயர்ந்தது. அதற்குப் பிறகு நடந்த 354 குற்றத்துக்குக் காலவரம்புச் சிக்கல் இல்லை.

தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு (பழைய 473, புதிய 519). ஆனால் ஏன் தாமதம் என்று திருப்தியாக விளக்க வேண்டும், அல்லது நீதியின் நலனுக்கு அது தேவை என்று நீதிமன்றம் கருத வேண்டும். பதினைந்து வருடத் தாமதத்தை வைத்துக்கொண்டு அந்தக் கதவைத் தட்டச் சொல்வது எளிது, திறப்பது எளிதல்ல. "இப்பவாவது போலீஸுக்குப் போகலாமே" என்பவர்கள், போலீஸ் கதவு அந்தக் குறிப்பிட்ட செயலுக்கு இன்னும் திறந்திருக்கிறதா என்று ஒரு நிமிடம் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று: 2024 ஜூலை 1க்கு முன் நடந்ததற்கு இன்றும் பழைய தண்டனைச் சட்டம்தான் பொருந்தும். செய்தியில் 354 என்று வந்தால் "பழைய பிரிவைப் போட்டிருக்காங்க, போலி எஃப்.ஐ.ஆர்" என்று கிளம்ப வேண்டாம்.

ஆலமரத்தடி:
நல்ல விளக்கம் சார். ஆனா போலீஸ் இல்லன்னா விசாகா கமிட்டி (வேலையிடப் பாலியல் புகாரை விசாரிக்கிற உள்ளகக் குழு) இருக்கே? வேலையிடத்துப் பிரச்சினைக்குன்னே தனிச் சட்டம் 2013ல வந்துச்சு. அங்க போகாம நேரா பொதுவெளியில பேர் சொல்றது நியாயமா? பேர் கெட்டா திரும்ப வராது.

செம்பருத்தி:
@ஆலமரத்தடி, அந்தச் சட்டத்தின் கெடு இன்னும் குறுகலானது அண்ணா. சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்துப்பூர்வமாகப் புகார் தர வேண்டும். தொடர் சம்பவங்கள் என்றால் கடைசிச் சம்பவத்தில் இருந்து மூன்று மாதம். குழு காரணத்தைப் பதிவு செய்து இன்னும் மூன்று மாதம் நீட்டலாம். அவ்வளவுதான். ஒரு படத்தின் வேலையே ஆறு மாதம் ஓடும். படம் வெளியாகும் முன், சம்பளப் பாக்கி கைக்கு வரும் முன், அதே கம்பெனியில் புகார் எழுத வேண்டும் என்பதுதான் இதன் பொருள்.

அடுத்தது, யாரிடம் புகார்? பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு கட்டாயம். தலைவர் மூத்த பெண் ஊழியர், உறுப்பினர்களில் குறைந்தது பாதி பெண்கள், வெளியில் இருந்து ஒருவர். ஒரு படத்துக்கு யார் முதலாளி? தயாரிப்பாளரா, ஏஜென்ட்டா, நடனக் குழுவை அழைத்து வந்த மாஸ்டரா? கேரள உயர் நீதிமன்றம் 2022 மார்ச்சில், ஒவ்வொரு படத்தின் தயாரிப்புக் குழுவும் ஒரு நிறுவனம்தான், அங்கே உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்று சொன்னது. அந்தத் தெளிவே அப்போதுதான் கிடைத்தது.

உள்ளகக் குழு இல்லாத இடத்தில் வேலை செய்பவர், அல்லது முதலாளி மீதே புகார் என்றால், மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார்க் குழுவுக்குப் போகலாம். இதைத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. தெரிந்தவர்கள் பரப்புங்கள், இது உண்மையிலேயே பயன்படும்.

திரைப்பார்வை:
சினிமா எப்படி இயங்குகிறது என்று தெரியாமல் இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைக்காது. துணை நடிகைகள், நடனக் குழுவினர், ஒப்பனைக் கலைஞர்கள், உதவி இயக்குநர்கள் பலருக்கு எழுத்தில் ஒப்பந்தமே கிடையாது. அடுத்த வாய்ப்பு ஒரு ஃபோன் காலில் வரும், ஒரு ஃபோன் காலில் போகும். யாரும் "தடை" என்று அறிவிக்கத் தேவையில்லை, கூப்பிடாமல் விட்டாலே போதும். அப்படி விட்டதை எந்தக் குழுவிலும் நிரூபிக்க முடியாது. பேசத் தயங்குவதற்கு வேறு பெரிய காரணம் தேட வேண்டாம்.

கேரளத்தில் நடந்ததைப் பாருங்கள். 2017 பிப்ரவரியில் கொச்சியில் ஒரு நடிகை கடத்தித் தாக்கப்பட்டார். அதன் பிறகு பெண் கலைஞர்கள் சேர்ந்து விமன் இன் சினிமா கலெக்டிவ் அமைப்பைத் தொடங்கினார்கள். அவர்கள் கேட்டதால் நீதிபதி ஹேமா தலைமையில் குழு அமைந்தது, நடிகை சாரதாவும் அதில் உறுப்பினர். 2019 டிசம்பரில் அறிக்கை அரசிடம் போனது. வெளியே வந்தது 2024 ஆகஸ்ட் 19. ஏறத்தாழ நான்கரை ஆண்டுகள். அதுவும் பெயர்களும் பல பக்கங்களும் நீக்கப்பட்டு. கழிப்பறையும் உடை மாற்றும் இடமும் இல்லாததில் இருந்து, வாய்ப்புக்காக "அட்ஜஸ்ட்மென்ட்" கேட்பது வரை அதில் இருக்கிறது. அறிக்கை வெளிவந்த பத்து நாளுக்குள் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைந்தது, நடிகர் சங்கமான அம்மாவின் செயற்குழு கலைந்தது. அரசே நியமித்த குழுவிடம் ரகசியமாகப் பேசியவர்களின் வாக்குமூலம் இத்தனை ஆண்டு அலமாரியில் இருந்திருக்கிறது. அந்தப் பெண்களிடம் போய் "முறையான வழியில் வந்திருக்கலாமே" என்று சொல்ல முடியுமா?

நம் பக்கம் 2024 செப்டம்பர் 4 அன்று தென்னிந்திய நடிகர் சங்கம் தீர்மானங்கள் போட்டது. விசாரணையில் குற்றம் உறுதியானால் ஐந்தாண்டு திரைத்துறையில் இருந்து விலக்கி வைக்கப் பரிந்துரை, புகாருக்குத் தனித் தொலைபேசி, சட்ட உதவி. இவை நல்லவை. ஆனால் ஊடகங்களிடம் நேரடியாகப் பேசாமல் முதலில் குழுவிடம் வாருங்கள் என்றும் அறிவுரை இருந்தது. அது தவறு என்பது என் கருத்து. குழு மீது நம்பிக்கை வளர்ந்தால் தானாக வருவார்கள். வாயை மூடச் சொல்லிவிட்டு நம்பிக்கையை வளர்க்க முடியாது.

ஆலமரத்தடி:
சரி, ஏத்துக்கறேன். ஆனா ஒரு ஆளோட பேரை இன்னொருத்தர் சொன்னாருங்கறதுக்காக ஊரே குற்றவாளின்னு எழுதுது. புகார் பொய்னா? ஆண்களுக்குச் சட்டத்துல இடமே இல்லையா?

வழக்குக்கட்டு:
கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி. சட்டத்தில் இடம் இருக்கிறது, பலரும் நினைப்பதைவிட அதிகமாகவே.

பணியிடச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, உள்ளகக் குழு விசாரணையில் புகார் சொன்னவர் அடையாளத்தை மட்டும் காப்பதில்லை. புகாருக்கு ஆளானவர், சாட்சிகள், விசாரணை விவரம் எதையும் வெளியிடக் கூடாது. "குழு விசாரணை ரிப்போர்ட் கிடைச்சிருக்கு" என்று ஸ்கிரீன்ஷாட் போடுபவர்கள் இதைத்தான் மீறுகிறார்கள், இரண்டு தரப்பு ரசிகர்களும். அதே சட்டத்தின் 14ஆம் பிரிவு, பொய் என்று தெரிந்தே, தீய நோக்கத்தோடு கொடுத்த புகாருக்கு நடவடிக்கை எடுக்கச் சொல்கிறது. கூடவே, நிரூபிக்க முடியவில்லை என்ற ஒரே காரணத்தால் அது பொய்ப் புகார் ஆகாது என்றும் சொல்கிறது. இந்த இரண்டாவது வரியை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.

பொதுவெளியில் எழுதுவதற்கு அவதூறுச் சட்டம். பாரதிய நியாய சன்ஹிதா (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய சட்டம்) 356, இரண்டாண்டு வரை சிறை. "சொல்லப்படுகிறது", "கேள்விப்பட்டேன்" என்று சேர்த்தால் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம், அடுத்தவர் சொன்ன அவதூறைத் திருப்பிச் சொல்வதும் அவதூறுதான். மறுபகிர்வும் அவதூறாகலாம் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் சொல்லியிருக்கிறது. ஆகவே எழுதும்போது "இன்னார் மீது இன்னார் புகார் கூறியுள்ளார்" என்பதோடு நில்லுங்கள். "குற்றவாளி" என்பது தீர்ப்புக்குப் பிறகு மட்டுமே. புகார் சொன்னவர் எழுதியதைவிடக் கடுமையான சொல்லை நீங்கள் போடாதீர்கள். அவர் "தகாத முறையில் பேசினார்" என்று எழுதியதை "வல்லுறவு" என்று தலைப்பு போட்டால் நீங்கள் வழக்கில் மாட்டுவது ஒரு பக்கம், அவருடைய புகாரையே மிகை என்று காட்டி எதிர்த்தரப்பு வக்கீல் உடைத்துவிடுவார்.

அவதூறு வழக்கில் எல்லாம் முடிந்துவிடும் என்றும் இல்லை. தன் மீது பாலியல் தொந்தரவுப் புகார் சொன்ன பத்திரிகையாளர் பிரியா ரமணி மீது முன்னாள் மத்திய இணையமைச்சர் எம்.ஜே. அக்பர் தொடுத்த அவதூறு வழக்கில் 2021 பிப்ரவரி 17 அன்று டெல்லி நீதிமன்றம் ரமணியை விடுவித்தது. பல பத்தாண்டுகள் கழிந்த பிறகும், தான் தேர்ந்தெடுக்கும் எந்த மேடையிலும் தன் குறையைச் சொல்லும் உரிமை ஒரு பெண்ணுக்கு உண்டு என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அக்பர் மேல்முறையீடு செய்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நெய்தல்:
எல்லாவற்றையும்விட அடையாளம் வெளிப்படுத்துவதைப் பற்றித்தான் விரிவாகப் பேச வேண்டும். மற்ற தவறுகளைத் திருத்தலாம், வெளியே போன பெயரைத் திரும்ப உள்ளே வைக்க முடியாது.

நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவு (பழைய 228ஏ): வல்லுறவுக் குற்றங்களில் பாதிக்கப்பட்டவரின் பெயரையோ, அடையாளம் தெரிய வாய்ப்புள்ள எதையுமோ அச்சிட்டால், வெளியிட்டால் இரண்டாண்டு வரை சிறை. "எதையுமோ" என்பதுதான் முக்கியம். உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் நிபுண் சக்சேனா வழக்கில், மறைமுகமாகக்கூட அடையாளம் தெரியக் கூடாது என்றது. படத்தின் பெயர், வருடம், "ஹீரோயினின் தங்கையாக நடித்தவர்" என்று மூன்று துண்டு போதும், தேடுபொறி மீதியைச் செய்துவிடும். பாதிக்கப்பட்டவர் சம்பவத்தின்போது 18 வயதுக்குக் கீழே இருந்தால் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு தனியாகப் பாயும்.

72ஆம் பிரிவு வல்லுறவு வகைக் குற்றங்களுக்கு மட்டும்தான், தொந்தரவுப் புகார்களுக்கு நேரடியாகப் பொருந்தாது. அதனால் அங்கே தேடலாம் என்று ஆகிவிடாது. புகார் முழுதும் வெளிவராத நேரத்தில் எது எந்த வகை என்று உங்களுக்குத் தெரியாது.

அதிகாரிகளே இதில் தவறினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். பொள்ளாச்சி வழக்கில் 2019இல் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயர் வெளியானதற்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி வழக்கின் எஃப்.ஐ.ஆர் இணையத்தில் கசிந்தபோதும் சென்னை உயர் நீதிமன்றம் 25 லட்சம் இடைக்கால இழப்பீடு வழங்கச் சொன்னது. அந்த எஃப்.ஐ.ஆரை வாட்ஸாப் குழுக்களில் "பாருங்க, உண்மைதான்" என்று நல்லெண்ணத்தில் அனுப்பியவர்களும் அந்தக் கசிவின் பகுதிதான்.

நடைமுறையில் நடக்கும் தவறுகள்: முகத்தை மட்டும் மங்கலாக்கிவிட்டு குரல், பச்சை குத்திய கை, வீட்டு வாசல் தெரியும்படி விடுவது. ஸ்கிரீன்ஷாட்டில் பெயரைக் கறுப்படித்துவிட்டு, கீழே நண்பர் ஒருவர் பெயர் சொல்லி ஆறுதல் எழுதிய பின்னூட்டத்தை மறந்துவிடுவது. ஃபோனில் உள்ள மார்க்கர் கோடு அரைகுறையாக ஊடுருவித் தெரியும், வெளிச்சத்தைக் கூட்டினால் எழுத்து வந்துவிடும். முழு நிறக் கட்டம்தான் வைக்க வேண்டும். "அவங்க இல்லை, நான் விசாரிச்சுட்டேன்" என்று ஒருவரை நீக்குவதும் தீங்குதான், ஏனென்றால் மீதிப் பட்டியல் சுருங்குகிறது.

யாராவது பெயரை எழுதிவிட்டால் அதை மேற்கோள் காட்டித் திட்டாதீர்கள். திட்டுவதும் பரப்புவதுதான். தளத்தில் புகார் அளியுங்கள், எழுதியவருக்குத் தனிச்செய்தியில் சொல்லுங்கள்.

மருதாணி:
@நெய்தல், பாதிக்கப்பட்டவரே பதிவை நீக்கிவிட்டால்? பழைய ஸ்கிரீன்ஷாட் வைத்திருப்பவர்கள் "ஆதாரம்" என்று மறுபடி போடுகிறார்களே.

நெய்தல்:
அவர் நீக்கியதற்குக் காரணம் நமக்குத் தேவையில்லை. மறுபடி போடக் கூடாது. வக்கீல் சொல்லியிருக்கலாம், மிரட்டல் வந்திருக்கலாம், குடும்பத்தில் பேச்சு வந்திருக்கலாம்.

ஆதாரமாக வேண்டும் என்றால் அதைக் கேட்க வேண்டியவர் அவரே. அவர் கேட்டால் அவருக்கு மட்டும் கொடுங்கள். அப்படிப் பாதுகாக்கும்போது வெட்டிய படம் பயன்படாது. முழுப் பக்கம், இணைய முகவரி, தேதி நேரம் தெரியும்படி எடுங்கள். அசல் கோப்பை வாட்ஸாப்பில் அனுப்பினால் சுருங்கிவிடும், ஆவணமாக அனுப்புங்கள், எடுத்த கருவியையும் அழிக்காமல் வைத்திருங்கள். நீதிமன்றத்தில் மின்னணுச் சான்று வைக்க சாக்ஷ்ய அதினியத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63ஆம் பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். கோப்பின் ஹாஷ் மதிப்பும் (கோப்புக்குக் கைரேகை போன்ற எண்) அதில் கேட்கப்படும். கோப்பைத் திறந்து திருத்திச் சேமித்தால் அந்த மதிப்பு மாறிவிடும்.

திரைப்பார்வை:
நீதிமன்றச் செய்திகளைப் படிப்பது பற்றி யாரும் எழுதவில்லை. முன்ஜாமீன் கிடைத்த அன்று "நீதி வென்றது" என்று பட்டாசு. வழக்குக்கட்டு சார், கொஞ்சம் சொல்லுங்கள்.

வழக்குக்கட்டு:
எஃப்.ஐ.ஆர் என்பது விசாரணையின் தொடக்கம், குற்றம் உறுதி என்று பொருள் இல்லை. முன்ஜாமீன் என்றால் காவலில் வைத்து விசாரிக்க இப்போது தேவை இல்லை என்ற முடிவு, குற்றமற்றவர் என்ற சான்று இல்லை. குற்றப்பத்திரிகை என்றால் போலீஸ் பார்வையில் வழக்கு நடத்தப் போதுமானது இருக்கிறது. வழக்கு ரத்து என்று வந்தால் ஏன் என்று படியுங்கள்: சமரசமா, காலவரம்பா, குற்றமே அமையவில்லையா? மூன்றுக்கும் வேறு வேறு பொருள். விடுதலையிலும் சந்தேகத்தின் பலன் கிடைத்ததா, புகாரே நம்பத் தகுந்ததில்லை என்று சொன்னார்களா என்று பார்க்க வேண்டும்.

வெளிநாட்டு உதாரணம் ஒன்று. ஹாலிவுட் தயாரிப்பாளர் ஹார்வி வைன்ஸ்டீனின் நியூயார்க் பாலியல் குற்றத் தண்டனையை 2024 ஏப்ரலில் மேல் நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் ரத்து செய்தது. உடனே "நிரபராதி" என்று தமிழிலும் பதிவுகள் வந்தன. ரத்தானதற்குக் காரணம், குற்றச்சாட்டில் இடம்பெறாத மற்ற பெண்களின் சாட்சியத்தை அனுமதித்தது நடைமுறைத் தவறு என்பது. மறுவிசாரணை நடந்து 2025 ஜூனில் ஒரு குற்றச்சாட்டில் மறுபடி குற்றவாளி என்று தீர்ப்பானது. லாஸ் ஏஞ்சலஸ் வழக்கின் 16 ஆண்டுத் தண்டனையை அந்த ரத்து தொடவே இல்லை.

மருதாணி:
புகாருக்கு ஆளானவர் படத்தைப் பார்க்கலாமா, பாட்டைக் கேட்கலாமா என்று தினமும் சண்டை நடக்கிறது. அதைப் பற்றி?

செம்பருத்தி:
அது அவரவர் முடிவு, அதற்கு நீதிமன்றத் தீர்ப்பு தேவை இல்லை. குற்றமற்றவர் என்ற அனுமானம் அரசு தண்டிப்பதற்கான விதி. ஒருவருடைய கச்சேரிக்கு டிக்கெட் வாங்காமல் இருப்பது தண்டனை ஆகாது. அதே போல, பார்க்கிறவர்களை எல்லாம் உடந்தை என்று சொல்வதும் சரியில்லை, ஒரு படத்தில் நூற்றுக்கணக்கானவர் உழைப்பு இருக்கிறது. நேரத்தைச் செலவழிக்க வேண்டிய இடம் வேறு: அந்தத் தயாரிப்பு நிறுவனத்தில் உள்ளகக் குழு இருக்கிறதா, உறுப்பினர் பெயர்ப் பட்டியல் வேலையிடத்தில் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். குழு அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. ரசிகர் மன்றங்கள் இதைக் கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டிய நிலை வரும்.

இன்னொரு விஷயம். இந்த மாதிரி விவாதங்களின் பின்னூட்டத்தில் திடீரென்று ஒருவர் "எனக்கும் நடந்திருக்கு" என்று எழுதுவார். அங்கே "யார்? எப்போ? பேரைச் சொல்லுங்க" என்று கேட்காதீர்கள். அந்த இடம் எல்லோரும் படிக்கும் இடம். 181 மகளிர் உதவி எண், இலவசச் சட்ட உதவிக்கு 15100, இணைய மிரட்டல் என்றால் 1930. பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி வருமானம் பார்க்காமல் உண்டு. எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம், எல்லை எங்களுடையதில்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது, எஃப்.ஐ.ஆர் நகல் இலவசம். வல்லுறவு போன்ற புகாரைப் பதிய மறுக்கும் காவலருக்கே சிறைத் தண்டனை உண்டு, நியாய சன்ஹிதாவின் 199ஆம் பிரிவு. போவதா வேண்டாமா என்பதை அவர் முடிவு செய்யட்டும், தள்ளாதீர்கள்.

ஆலமரத்தடி:
ஒரு கேள்வி மட்டும். புகார் சொன்னவங்களே பிரஸ் மீட் வச்சு முகத்தைக் காட்டிப் பேசினா, அந்த வீடியோவைப் பகிரலாமா?

வழக்குக்கட்டு:
பிரிவு 72 எழுத்துப்பூர்வ அனுமதி தந்தவரின் அடையாளத்தை, அந்த அனுமதி எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு வெளியிட விடுகிறது. அவர் தன் பக்கத்தில் போட்டிருந்தால் அந்தப் பதிவின் சுட்டியைக் கொடுங்கள். தரவிறக்கி உங்கள் சேனலில் ஏற்றாதீர்கள், அவர் நாளை நீக்க நினைத்தால் உங்கள் பிரதி அங்கேயே நிற்கும். அவர் சொன்னதில் முப்பது விநாடியை மட்டும் வெட்டி, இசை சேர்த்து ஓட விடாதீர்கள். அவர் கூட்டத்தில் அருகில் உட்கார்ந்திருந்த இன்னொரு பெண் முகத்தை மூடியிருந்தால், அவர் அனுமதி தரவில்லை என்று பொருள், அந்தப் பகுதியை முழுதும் விட்டுவிடுங்கள்.